பெர்பெத்துவாவின் தொட்டிக்கு ஒரு கருவி

எங்கள் ஊர் புவேர்த்தோ சபீனாவில், ஆற்றங்கரையிலேயே, ஆற்றுமீன் நலப் பிராந்திய இயக்ககம் என்ற அலுவலகம் இருக்கிறது. அதன் கூடத்தின் நடுவில், இடுப்பளவு மேடை மேல், ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கிறது. தொட்டிக்குள் பெர்பெத்துவா என்ற பைச்சே மீன் இருக்கிறது. இருக்கிறது என்பதற்குச் சொத்துப் பதிவேட்டின் பதினோராம் பக்கம் சான்று. கண்ணால் கண்ட சான்று எதுவும் இல்லை. ஏனென்றால் எட்டு மாதமாகக் கண்ணாடியின் உட்பக்கம் முழுக்கப் பாசி.

பைச்சே எங்கள் ஆற்றிலேயே பெரிய மீன். பெர்பெத்துவா முழங்கை நீளத்தில் வந்தவள்; கடைசியாகப் பார்த்தவர்கள் ஆள் பாதி நீளம் என்றார்கள். பைச்சே கால்மணிக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை வாயால் வாங்கும்; 'க்ளப்' என்று சத்தம் கேட்கும். நான் வேலைக்குச் சேர்ந்த ஏப்ரல் மாதத்திலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. அலுவலக நேரத்தில் அவளும் எங்களைப் போல ஒன்றும் செய்வதில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் பதினொன்றாம் தேதி தலைநகர் லீமாவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இருபத்தொன்பதாம் தேதி, மீனவர்களின் புனிதரான பேதுருவின் திருநாளில், துணை அமைச்சர் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார், "பெர்பெத்துவாவை நேரில் காண விரும்புகிறார்." இயக்குநர் தோன் அபெலார்தோ என்னைக் கூப்பிட்டார்.

இந்த இடத்தில் என் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். நான் நெய்லித். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள். படித்தது மீன் உயிரியல். ஆனால் எங்கள் நாட்டில் பட்டம் வாங்கிய எல்லோரும் இன்ஜினியர்தான். மூன்று மாத ஒப்பந்தம். ஜூன் முப்பதோடு முடிகிறது. அம்மா சந்தையில் மீன் சூப் கடை வைத்திருக்கிறாள். 'எதெல்வினா காரச்சாமா சூப்' என்ற பலகையின் கீழே, நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே, பெயின்டரைக் கூப்பிட்டு இன்னொரு வரி எழுதச் சொன்னாள்: 'அரசாங்க இன்ஜினியரின் தாய்.' ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் அந்த வரியை அழிக்க வேண்டும். சந்தையே வேடிக்கை பார்க்கும்.

இயக்குநர் கண்ணாடியைக் காட்டினார்.

"இன்ஜினியரம்மா, என்ன தெரியுது?"

"பச்சையா தெரியுது, டைரக்டர்."

"பச்சையப் பாக்கவா துணை அமைச்சர் பிளேன் ஏறி வரார்?"

"ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையும் ஒரு ஸ்பான்ஜும் குடுங்க. மத்தியானத்துக்குள்ள சுரண்டிடலாம்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அட்டையால சுரண்டறதுக்கா உங்கள அஞ்சு வருஷம் படிக்க வெச்சாங்க?"

"அம்மாதான் படிக்க வெச்சாங்க."

"அவங்களுக்கு நாம பதில் சொல்ல வேணாமா? பாசி அகற்றும் கருவித் தேர்வுக் குழுன்னு ஒண்ணு போடறேன். தலைவர் நீங்க. உறுப்பினரும் நீங்க. எல்லாத்தையும் நல்லா ஆராயுங்க. உங்கள மாதிரி கவனமான ஆள் கையில குடுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"முப்பதாம் தேதி என் ஒப்பந்தம்..."

"மொதல்ல இருபத்தொம்பது வரட்டும்மா."

அந்தப் பாராட்டில் எனக்கு இரண்டு இரவு தூக்கம் வரவில்லை.

முதலில் கொள்முதல் அதிகாரி குமெர்சிந்தோவிடம் போனேன். அவர் முப்பது ஆண்டு அனுபவசாலி. தன் மகள் கல்யாணத்துக்கே மூன்று மாப்பிள்ளைகளிடம் விலைப்புள்ளி வாங்கினார் என்று அலுவலகத்தில் பேச்சு உண்டு.

"கண்ணாடின்னா எந்தப் பக்கம்?" என்றார்.

"உள்பக்கம்."

"வெளிப்பக்கம்னா துப்புரவுப் பிரிவு. உள்பக்கம் மீன் பிரிவு. நடுவுல இருக்கற கண்ணாடி சொத்துப் பிரிவு. நீங்க சுரண்டப் போறது எத?"

"கண்ணாடிய இல்ல சார், பாசிய."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பாசி செடிதானே?"

"ஒரு வகையில..."

"படிச்சவங்க 'ஒரு வகையில'ன்னு சொல்லக் கூடாது. செடியா, இல்லையா?"

"செடி மாதிரிதான்."

"அப்ப வனத்துறை அனுமதி வேணும். நாட்டுத் தாவரம். நாளைக்கு எவனாவது பெட்டிஷன் போட்டா நானா ஜெயிலுக்குப் போறது?"

வனத்துறைக்குக் கடிதம் எழுதினேன். நான்காம் நாள் பதில் வந்தது. ஆட்சேபணை இல்லை, ஆனால் அகற்றும் ஒவ்வொரு செடிக்கும் ஈடாக இரண்டு நட வேண்டும். பூதக்கண்ணாடியை வைத்து ஒரு சதுர அங்குலத்தில் எண்ணிப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் கண் கலங்கிவிட்டது. 'நடவு பின்னர்' என்று குறிப்பெழுதி வைத்தேன்.

பிறகு கருவிகள். நீளக் கைப்பிடி வைத்த பிளேடை முன்மொழிந்தேன். வாசல் காவலர் லிசார்தோ அதைக் கூர்மையான ஆயுதம் என்று உள்ளே விட மறுத்தார். "எனக்குத் தெரியும் நீங்க யாரையும் குத்த மாட்டீங்கன்னு. ஆனா புஸ்தகத்துல 'குத்த மாட்டாங்க'ன்னு ஒரு கட்டம் இல்லியே, இன்ஜினியரம்மா!" ஸ்பான்ஜை முன்மொழிந்தேன். ஸ்பான்ஜ் துப்புரவுப் பிரிவின் கருவி, அது உள்பக்கம் வந்தால் எல்லை மீறல் என்று துப்புரவுப் பிரிவு எழுதியது. லீமாவிலிருந்து ஒரு நிறுவனம் கேமரா வைத்த சுரண்டும் ரோபோவின் பளபள காகிதம் அனுப்பியிருந்தது. அந்தக் காகிதம் இயக்குநருக்கு மிகவும் பிடித்துப்போனது; மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

காந்தச் சுரண்டி மட்டும் மாதிரிக்கு வந்தது. அது இரண்டு பாதி. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வெளியே நகர்த்தினால் உள்ளே இருப்பது கூடவே நகர்ந்து பாசியைத் தேய்க்கும். எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் வெளிப்பாதி துப்புரவுப் பிரிவுக்கும் உள்பாதி மீன் பிரிவுக்கும் பதிவானதால், இரண்டு பிரிவிலும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர்த்த வேண்டும் என்றாயிற்று. துப்புரவுக்காரர் காபி குடிக்கப் போனார். போகும்போது தன் பாதியை இழுத்துக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். எங்கள் பாதி தொட்டியின் அடிக்குப் போய்விட்டது. அவர் பாதி வழியில் இரும்பு அலமாரியில் ஒட்டிக்கொண்டது. சரியாகக் கதவிடுக்கில். அன்றிலிருந்து அந்த அலமாரி திறக்கவில்லை. அதில் விடுப்பு விண்ணப்பங்கள் இருந்ததால், அந்த மாதம் யாருக்கும் விடுப்பு மறுக்கப்படவில்லை. அலுவலகம் முழுவதும் என் குழுவை வாழ்த்தியது.

இருபத்திரண்டாம் தேதி இயக்குநர் ஒரு கருத்தரங்கிலிருந்து திரும்பி வந்தார். முகத்தில் ஒளி.

"இன்ஜினியரம்மா! இனிமே கருவி, கிருவி எல்லாம் பழைய காலம். உலகமே இப்ப எங்க போயிட்டிருக்கு தெரியுமா? இயற்கை சார் தீர்வு!"

"அப்படின்னா?"

"அதத்தான் நானும் கேட்டேன். மூணு நாள் சொன்னாங்க. பாசியத் திங்கற மீன் ஏதாவது இருக்கா?"

"இருக்கு, டைரக்டர். காரச்சாமா."

காரச்சாமாவை எங்கள் ஊரில் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உடம்பெல்லாம் ஓடு, வாய் அடிப்பக்கம். கல்லிலும் கட்டையிலும் ஒட்டிக்கொண்டு பாசியை உறிஞ்சியே வாழும். அவ்வளவு பொருத்தமான விடை கண் முன்னால் இருந்ததில் எனக்கே வெட்கமாக இருந்தது. அம்மா தினமும் முப்பதை அரிகிறாள்.

விவரக்குறிப்பு எழுதினேன். 'கருவி: பாசி அகற்றி, உயிருள்ளது, ஆறு எண்ணிக்கை. நீளம் ஒரு சாண். இயங்கும் பகுதி: வாய். மின்சாரம் தேவையில்லை.' மூன்று விலைப்புள்ளிகளுக்காகச் சந்தைக்குப் போனேன். அம்மா கையில் கத்தியோடு நிமிர்ந்தாள்.

"என்னடி, என் கடையத் தாண்டி எங்க போற?"

"உன்கிட்ட வாங்கக் கூடாதும்மா. நீ உறவு."

"பெத்தது குத்தமா? அந்த ஹெர்மெலிந்தாகிட்ட வாங்குவ, அவ நேத்து மீன இன்னிக்குப் புடிச்சதுன்னு சத்தியம் பண்ணுவா. அவ உறவு இல்ல, அதனால நல்லவ!"

"சட்டம்மா."

"சரி போ. நல்லா வயிறு பாத்து வாங்கு. கண்ணு பாக்காத, எல்லா காரச்சாமாவுக்கும் கண்ணு அசிங்கமாத்தான் இருக்கும்."

ஹெர்மெலிந்தாவிடமே வாங்கினேன். அவள் விலைதான் குறைவு. ஆறு காரச்சாமா, ஒரு பிளாஸ்டிக் வாளியில், உயிரோடு வந்து சேர்ந்தன. குமெர்சிந்தோ சொத்து எண் ஒட்டும் காகிதச் சுருளோடு இறங்கி வந்தார். அலுவலகத்துக்குள் வரும் எந்தக் கருவியிலும் எண் ஒட்டியாக வேண்டும். ஒட்டாத கருவி கருவியே அல்ல.

முதல் மீனைப் பிடித்துத் துடைத்து ஒட்டினார். மீன் உதறியது. இரண்டாவதில் ஒட்டினார். காகிதம் தண்ணீரில் மிதந்து வந்தது. மூன்றாவது காகிதம் அவர் விரலிலேயே ஒட்டிக்கொண்டு, கையை உதறியபோது வாளியில் போய் உட்கார்ந்தது. அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"ஒட்டிருச்சு!" என்றார் நிம்மதியாக.

"வாளியில ஒட்டிருக்கு, சார்."

"எதுல எண் இருக்கோ அதுதான் கருவி."

"அப்ப மீனு?"

குமெர்சிந்தோ யோசித்தார். அவர் யோசித்துத்தான் சொன்னார். அதில் குறை சொல்ல முடியாது. "மீனு பேக்கிங்."

நான் இயக்குநரிடம் ஓடினேன். அவர் வரவேற்பு வளைவுக்கு எந்த ஓலை என்ற கூட்டத்தில் இருந்தார். 'மீனே கருவி எனக் கொள்ளலாம்' என்று ஒரு துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வர ஒரு மணியாகிவிட்டது. காவலர் அறையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கொள்முதல் விதிப்படி பேக்கிங் பொருளை அன்றன்றே அப்புறப்படுத்த வேண்டும். ஒரு காரச்சாமாவை அப்புறப்படுத்து என்றால், எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் ஒரே வழிதான் தெரியும்.

லிசார்தோ கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "வாங்க இன்ஜினியரம்மா, ஆறிடப் போகுது! விதிய மீறல, வாளியத் தொடவே இல்ல."

வாசனை பிடித்து இயக்குநரும் இறங்கி வந்தார். மூன்று கிண்ணம் குடித்தார். மூன்றாவது கிண்ணத்தின்போது குமெர்சிந்தோ ஒரு படிவத்தை நீட்ட, தோன் அபெலார்தோ இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டே வலது கையால் கையெழுத்துப் போட்டார். 'பொருள் இயக்குநர் முன்னிலையில் பரிசோதிக்கப்பட்டது. திருப்திகரம்.' உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்: நானும் ஒரு கிண்ணம் குடித்தேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"சூப்புல காட்டுமல்லித் தழை போட்டானா?"

"இல்ல."

"ஆபீஸ் சூப்புன்னா அப்படித்தான் இருக்கும்." பிறகு துணியை நனைத்து, பலகையின் கீழ் வரியை மட்டும் துடைத்தாள். அது அழுக்காகவே இல்லை. "முப்பதாம் தேதி என்னடி ஆகும்?"

"மொதல்ல இருபத்தொம்பது வரட்டும்மா," என்றேன்.

இருபத்தெட்டாம் தேதி நண்பகல். புனித பேதுருவின் சொரூபத்தை ஏற்றும் படகை அலங்கரிக்க அலுவலகம் முழுக்க ஆற்றுத்துறைக்குப் போய்விட்டது. கூடத்தில் நான், தொட்டி, சொத்து எண் ஒட்டிய வாளி. ஏணி மின்பிரிவுக்குச் சொந்தமானதால் இரண்டு நாற்காலியை அடுக்கி, மேலே பழைய கோப்புக் கட்டை வைத்து ஏறினேன். மூடியில் ஒரு பலகையை நகர்த்தினேன். உள்ளே இருட்டாக இருந்தது. பைச்சே தலையால் முட்டினால் கை உடையும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். "பெர்பெத்துவா, நான்தான், சிநேகிதி," என்று சொல்லிக்கொண்டே கையை விட்டேன்.

சுரண்டக் கையில் கருவி ஒன்றும் இல்லை. கழுத்தில் என் அடையாள அட்டை தொங்கியது. புகைப்படம், பெயர், 'செல்லுபடி: ஜூன் 30'. கழற்றி அதால் சுரண்டினேன்.

என்ன சொல்வது! அதைவிட நல்ல கருவி கிடையாது. பாசியை எடுக்கும் அளவு கெட்டி, கண்ணாடியில் கீறல் விடாத அளவு மென்மை, மூலை வளைவுகளுக்கு வளைவான முனை. பாசி பட்டை பட்டையாக உரிந்து வந்தது. கை எட்டிய மட்டில் ஒரு தட்டு அளவுக்குச் சன்னல் விழுந்தது. வெளிச்சம் வேண்டும் என்று எதிர்ப்பக்கக் கண்ணாடியிலும் அதே உயரத்தில் இன்னொன்று. இறங்கி வந்து மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்தேன்.

தண்ணீருக்குள் ஒரு பெரிய முகம் மெல்ல வந்தது. வீங்கிய கண். அகன்ற உதடு. வாய் திறந்து மூடியது.

"வந்துட்டா!" என்று கத்தினேன்.

"யாரு வந்துட்டா?" என்றது முகம்.

எதிர்ப்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த லிசார்தோ தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் பார்வை என்னிடமிருந்து சன்னலுக்குப் போனது. தொப்பியைக் கழற்றினார்.

"நெசமாவே சுரண்டிட்டீங்களா, தாயே?"

"லிசார்தோ, பெர்பெத்துவா எங்க?"

"அக்டோபர்ல போய்ட்டா. வெள்ளிக்கெழம."

"போய்ட்டான்னா?"

"செத்துட்டா. அன்னிக்கே எழுதிக் குடுத்தேன். சாவுன்னா கால்நடை டாக்டர் சர்டிபிகேட் வேணும்னாங்க. டாக்டர் போஸ்ட் நாலு வருஷமா காலி. சர்டிபிகேட் வர்ற வரைக்கும் அவ உயிரோடதான் இருக்காளாம். உடம்ப நானே ஆத்துல விட்டுட்டேன்."

"தினமும் இரை வருதே?"

"உயிரோட இருக்கறவளுக்கு இரை நிறுத்த முடியுமா? வீட்ல வீணாக்கறதில்ல."

மாதந்தோறும் ஒரு படிவம் உண்டு, 'மீன் காணப்பட்டதா?' என்று ஒரு கேள்வி. ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் 'ஆம்' என்று கையெழுத்துப் போட்டவள் நான். முந்தைய மாதங்களில் 'ஆம்' என்று இருந்தது. பதினோராம் பக்கம் வேறு இருந்தது.

இயக்குநர் ஆற்றுத்துறையிலிருந்து திரும்பியதும் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெர்பெத்துவாவைப் பற்றி ஆச்சரியப்படவே இல்லை. சன்னலைப் பற்றித்தான் அதிர்ந்தார்.

"யாரு உங்களச் சுரண்டச் சொன்னது?"

"நீங்கதானே..."

"நான் கருவியத் தேர்வு பண்ணத்தானே சொன்னேன்!" தலையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு ஸ்டேப்ளர் வாங்க அஞ்சு வாரம் ஒப்பிட்டுப் பாத்த ஆளு நீங்க. ஆகஸ்ட் வரைக்கும் ஆராய்வீங்கன்னு நம்பித்தானே குடுத்தேன்? எங்களுக்குத் தெரியாதா அட்டையால சுரண்டலாம்னு? அது எல்லாருக்கும் தெரியும்!"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. குழு கூடுவதற்கு முன்பே கருவி தேர்வாகிவிட்டது; அது நான்தான். அதற்கு மின்சாரமும் தேவையில்லை.

"திரும்ப ஒட்ட முடியுமா?" என்று கேட்டார்.

"பாசி ஒரே ராத்திரியில வளராது, டைரக்டர்."

"பச்ச பெயின்ட்?"

வாசலில் நின்ற குமெர்சிந்தோ தலையை ஆட்டினார். "மூணு விலைப்புள்ளி."

மறுநாள் துணை அமைச்சர் வந்தார். வளைவு, மேளம், பேதுருவின் படகு ஊர்வலம், வாழையிலையில் கட்டிய சோறு. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அவர் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கூடத்துக்குள் நுழைந்ததும் நேராகச் சன்னலிடம் போனார். நான் கழுத்து அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். தோன் அபெலார்தோ பதற்றத்தில் எதிர்ப்பக்கம் ஓடினார். அந்தச் சன்னலை உடம்பால் மறைத்துவிட்டால் உள்ளே இருட்டாகிவிடும் என்பது அவர் திட்டம். ஆனால் எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. குனிந்தார்.

"அடேயப்பா!" என்றார் துணை அமைச்சர். "என்ன வளர்த்தி! என்ன வளர்த்தி!"



"அந்தக் கண்ணப் பாரும்யா," என்று உதவியாளரைக் கூப்பிட்டார். "பொறுப்புள்ள கண்ணு. இந்த நாட்டுல ஒரு அதிகாரிகிட்ட கூட இப்படி ஒரு பார்வைய நான் பாத்ததில்ல."

தோன் அபெலார்தோவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் நகரவில்லை. மெல்ல வாயைத் திறந்தார். மூடினார். இன்னொரு முறை திறந்தார். பத்து ஆண்டுகளில் அவர் செய்த முழுமையான வேலை அதுதான் என்று பிறகு குமெர்சிந்தோ சொன்னார்.

"எங்க உங்க டைரக்டர்? பாராட்டணுமே!"

"பணியில இருக்காருங்க," என்றேன். அது பொய் அல்ல.

என் ஒப்பந்தம் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. அம்மா பெயின்டரைக் கூப்பிட்டு 'குழுத் தலைவரின் தாய்' என்று மாற்றினாள். எழுத்து முன்பைவிடப் பெரிது. என் அடையாள அட்டையில் முகமும் பெயரும் தேய்ந்துவிட்டன. லிசார்தோ அதை உயர்த்திப் பார்த்துவிட்டு, "யாரோ ஒருத்தங்க, உள்ள போங்க," என்கிறார். ஜூன் மாதப் படிவமும் வந்தது. 'கண்ணாடி வழியே உயிருள்ளது காணப்பட்டதா?' என்று இப்போது கேள்வியைத் திருத்தியிருக்கிறார்கள். நிறைய யோசித்தேன். 'ஆம். ஆரோக்கியமாக இருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் லீமாவிலிருந்து உத்தரவு: புவேர்த்தோ சபீனா முன்மாதிரிப்படி, பதினான்கு பிராந்திய அலுவலகங்களும் தொட்டி வைத்து, ஆள் முக உயரத்தில் சன்னல் சுரண்ட வேண்டும். எந்தக் கருவி என்று பதினான்கு பேரும் எனக்கு எழுதிக் கேட்டார்கள். அடையாள அட்டை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கோப்பில் எண்ணோடும் இயக்குநரின் கையெழுத்தோடும் 'திருப்திகரம்' என்று இருப்பது வாளி ஒன்றுதான். கோப்பில் இருப்பதைத்தானே எழுத முடியும்? பதினான்கு அலுவலகங்களும் அதே விவரக்குறிப்பின்படி வாளி வாங்கிவிட்டன.

நேற்று அதில் ஓர் அலுவலகத்திலிருந்து, என்னைப் போலவே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கடிதம் எழுதியிருந்தாள். கவனமான கையெழுத்து. 'ஐயா அல்லது அம்மா, எங்கள் கருவிக்குள் ஆறு மீன்கள் இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரிவிக்கவும்.'

இரண்டு முறை வரைவு எழுதிக் கிழித்துவிட்டு, மூன்றாவதை அனுப்பினேன்.

'மேற்படி பொருள் பேக்கிங் ஆகும். அன்றே அப்புறப்படுத்தவும். காட்டுமல்லி தாராளமாகப் போடவும்.'